பழைய திகில் காமிக்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1950-களின் அமெரிக்கத் திகில் காமிக்ஸ் மறுபதிப்பு ஒன்றைப் படித்தேன். பயமே வரவில்லை. படத்தில் தெரிவதையே ஏன் பத்தி பத்தியாக எழுதினார்கள்?

பதில்: அங்கே எழுத்துதான் முதலில். இந்தத் திகில் இதழ்களுக்குப் பேர்போன ஈ.சி. என்ற பதிப்பகத்தில் ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் கதையை நேராகப் படத்தாளிலேயே எழுதுவார். லெராய் என்ற கருவியால் எழுத்தைப் பதித்த பிறகே தாள் ஓவியரிடம் போகும். மிஞ்சிய இடத்தில்தான் அவர் வரைய வேண்டும். நெரிசலுக்குக் காரணம் அதுவே.

ஒவ்வொரு கதையும் ஆறு முதல் எட்டுப் பக்கம். கடைசியில் ஒரு திருப்பம். கொலையானவன் எழுந்து வந்து பழிவாங்குவான். தொடர்ந்து மூன்று படித்தால் நான்காவதன் முடிவு தெரிந்துவிடும். எனவே நாளுக்கு ஒரு கதை போதும். முதல் முறை எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பாருங்கள். கிரகாம் இங்கல்ஸ் வரைந்த அழுகிய முகங்களும் ஒழுகும் நிழல்களும் இன்றும் உலுக்கும். மறுபதிப்பின் வழவழப்பான வெள்ளைத் தாளில் அந்த வண்ணங்கள் கண்ணைக் குத்தும். அவை மங்கலான செய்தித்தாள் காகிதத்துக்காகத் தீட்டப்பட்டவை. கறுப்பு வெள்ளைப் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், கோடுகள் தெளிவாகத் தெரியும்.

இன்று உறுத்துவது ரத்தம் அல்ல. நச்சரிக்கும் மனைவியைக் கொல்வதற்கு அந்த நச்சரிப்பே போதுமான காரணம் என்பதுபோல் நகரும் கதைகள்தான்.

கேள்வி: பிறகு ஏன் நின்றுபோயின?

பதில்: 1954-இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் சங்கம் தானே வகுத்த காமிக்ஸ் நெறிமுறை, தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களையும் கதையில் நடமாடும் பிணங்களையும் தடைசெய்தது. அதன் முத்திரை இல்லாத இதழ்களை விநியோகஸ்தர்கள் எடுக்கத் தயங்கினார்கள்.