கடைக்காரர் ஏமாற்றவில்லை, அது நிஜக் கம்பளிதான்!

கேள்வி: அக்கா, போன வருஷம் ஊட்டியில் என் கணவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினோம். போன வாரம் பெட்ஷீட்டோடு சேர்த்து மெஷினில் 60 டிகிரியில் போட்டுவிட்டேன். இப்போது அது என் எட்டு வயசு மகனுக்குக் கச்சிதமாக இருக்கிறது! 20 வருஷமாக எந்தத் துணியிலும் லேபிளைப் பார்த்ததே இல்லை, ஒன்றும் ஆனதும் இல்லை. இதைப் பழையபடி ஆக்க முடியுமா? இனிமேல் எல்லாவற்றுக்கும் லேபிள் படிக்கணுமா?
- வாசகி, கரூர்

பதில்: முதலில் நல்ல சேதி, கண்ணு. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அக்ரிலிக் சூடு பட்டால் தொய்ந்துதான் போகும். இப்படிச் சுருங்கிக் கெட்டியாவது ஆட்டுரோமம் மாதிரி விலங்கு ரோமம்தான். அந்த ரோமத்தில் மீனுக்கு இருப்பதுபோலச் செதில் இருக்கிறது. சுடுதண்ணீர், சோப்பு, மெஷின் உருட்டல் மூன்றும் சேர்ந்தால் செதிலும் செதிலும் கொக்கி மாட்டிக்கொள்ளும். மாட்டியது பெரும்பாலும் மாட்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஹேர் கண்டிஷனர் கரைத்து அரை மணி ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெதுவாக இழுத்துப் படுக்கப்போட்டுக் காயவையுங்கள். ஓரிரு விரல் நீளம் கூடலாம். இல்லையென்றால் மகனுக்கே இருக்கட்டும்.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி செக்கிங்கில் 11 வருஷம் நின்றவள் நான். இடப்பக்கச் சைடு தையலுக்குள் அந்த லேபிள் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஆயிரக்கணக்கில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே காட்டன் துணிதான், ஒரு பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிற கம்பெனிக்கு, லேபிளில் 30 டிகிரி என்று போகும், இன்னொரு பையருக்கு 40. தனக்கு வம்பு வராத பக்கமாகத்தான் பையர் எழுதுவார். அதனால் சொல்கிறேன், காட்டன் பெட்ஷீட், துண்டு, வேட்டி இவற்றில் லேபிளை நானும் பார்ப்பதில்லை.

லேபிளில் நான் பார்க்கிற வரி வேறு: துணி எதனால் ஆனது என்கிற வரி. பட்டும் கம்பளியும் நம் தலைமுடி மாதிரி புரதம். கறையைத் தின்கிற என்சைம் பவுடர் அதையும் அரிக்கும். பிளீச் பட்டால் மஞ்சளாகி இற்றுப்போகும். தொட்டிக்குள் கை போட்ட படம் இருந்தால் மெஷின் பக்கமே போகாதீர்கள். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் பிளீச் கூடாது. இந்த இரண்டு படம் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

‘5% எலாஸ்டேன்’ என்று இருந்தாலும் எனக்குப் பயம். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிற இழை அது, அதற்கும் பிளீச் ஆகாது. என் வெள்ளை லெக்கின்ஸில் சாம்பார் கறை. காட்டன்தானே என்று பிளீச்சிங் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் சாம்பார் போயிருந்தது, ஆனால் லெக்கின்ஸ் முழுக்க மஞ்சள். இடுப்போ தொளதொளவென்று கோணிப்பை மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், லேபிளே இல்லாத துணிக்கு நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு ஜாக்கிரதை! புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன் அதை நனைத்துக் காயவைக்காத ஆள் உண்டா? பிளவுஸ் லைனிங்கும் அப்படித்தான். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி, மேல்துணி கொசகொசவென்று நிற்கும். அந்த ஜாக்கிரதையில் கொஞ்சம் கடையில் வாங்குகிற துணிக்கும் காட்டினால் போதும்.

கேள்வி: குழந்தை பனியனில் லேபிள் குத்துகிறது, வெட்டிவிடலாமா?
- வாசகர், தேனி

பதில்: வெட்டுங்கள், ஆனால் பிடித்து இழுக்காதீர்கள், சைடு தையல் பிரிந்துவிடும். பாதியில் வெட்டினால் மிச்சமிருக்கும் முனை இன்னும் குத்தும். சின்னக் கத்தரியால் தையலை ஒட்டி வெட்டுங்கள். வெட்டும் முன் மொபைலில் ஒரு போட்டோ. நான் அப்படி எடுத்தவை 200 இருக்கின்றன, எது எந்தத் துணிக்கு என்றுதான் தெரியவில்லை.