கொடுக்கிழக்கும் கிரேஃபிஷ்: நோயா, நெருக்கடியா?

கேள்வி: தொட்டியில் கிரேஃபிஷ் (இறால் போன்ற, பெரிய கொடுக்குகளுள்ள நன்னீர் உயிரி) வளர்க்கிறேன். இம்முறை வழக்கத்தைவிட இரு மடங்கு குஞ்சுகளை விட்டேன். இப்போது பலவற்றுக்குக் கொடுக்கு இல்லை. சில மட்டும் பெரிதாக வளர்ந்துள்ளன. செத்தவை எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைகிறது. இது நோயா? பெரியவற்றை எடுத்துவிட்டால் சரியாகுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் நோயைவிட இட நெருக்கடியையே காட்டுகின்றன. உடலில் காயமின்றிச் சாவதும், பகலில் வெளியே வந்து தள்ளாடுவதும் தென்பட்டால் மட்டும் உடனே நீரையும் நோயையும் சோதியுங்கள்.

கிரேஃபிஷ்கள் ஓரிடத்தில் சேரும்போது, உணர்கொம்பால் தொட்டும், கொடுக்கை உயர்த்திக் காட்டியும், அதிலும் தீராவிட்டால் கொடுக்கோடு கொடுக்கு கோத்து மல்லுக்கு நின்றும், தமக்குள் மேல் கீழ் என ஒரு வரிசையை ஏற்படுத்திக்கொள்கின்றன. தலையின் முன்பகுதியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும் சிறுநீரின் வாடையும் எதிரிலிருப்பதன் நிலையை உணர்த்துகிறது. வரிசை நிலைத்துவிட்டால், தோற்றது வாலைச் சுண்டிப் பின்னோக்கி விலகிவிடும். சண்டையும் வெகுவாகக் குறையும். ஆகவே அந்த வரிசை உங்களுக்குப் பகையன்று. பணிந்தது விலகிச் செல்ல இடமில்லாமல் போவதுதான் உங்கள் தொட்டியின் உண்மையான சிக்கல், ஏனெனில் ஒன்றிடமிருந்து ஒதுங்கும் சிறியது அடுத்த நொடியே இன்னொன்றின் கொடுக்கில் போய்ச் சிக்குகிறது.

இதைவிடக் கொடியது சட்டை உரிக்கும் வேளை. ஓடு கழன்று உடல் மென்மையாக இருக்கும்போது ஒளிய மறைவிடம் கிடைக்காத கிரேஃபிஷை மற்றவை தின்றுவிடுகின்றன; கழன்ற ஓட்டையும் விட்டுவைப்பதில்லை. எண்ணிக்கை குறைந்தும் உங்களுக்கு உடல் கிடைக்காததன் காரணம் இதுவாகவே இருக்கும்.

பெரியவற்றை மட்டும் எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அடுத்த நிலையிலிருப்பவை அந்த இடத்துக்காக மீண்டும் மோதத் தொடங்கும். மாறாக, தொட்டி முழுவதையும் ஒரே நாளில் அளவுவாரியாகப் பிரித்து, ஒத்த அளவுள்ளவற்றை ஒன்றாக விடுங்கள். பிறகு அடிக்கடி கலைக்காதீர்கள். முட்டை சுமக்கும் பெண் கிரேஃபிஷ்கள் மூர்க்கமாக இருக்குமாதலால் அவற்றுக்குத் தனியிடம் தேவை.

கிரேஃபிஷ் தரையில் வாழ்வது. நீரின் ஆழத்தைக் கூட்டி நெருக்கடியைத் தீர்க்க முடியாது. சற்றே சாதுவான சிவப்புக் கொடுக்கு இனத்துக்குக்கூட, குளங்களில் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 குஞ்சுகள் வரையே விடுவது வழக்கம். உங்கள் கணக்கையும் தரைப்பரப்பைக் கொண்டே போடுங்கள். உடலளவுக்கேற்ற குழாய்த் துண்டுகளையும் வலைக் கட்டுகளையும், இருக்கும் உயிர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாகவே தரையெங்கும் பரப்புங்கள். இரை தேட அவை இரவில்தான் வெளிவருகின்றன. எனவே தீவனத்தை அந்திப்பொழுதில் பல இடங்களில் தூவுங்கள். ஒரே மூலையில் கொட்டினால் வலியவை அதை மறித்து நின்றுகொள்ளும், பசித்தவை ஒன்றையொன்று கடிக்கும்.

இழந்த கொடுக்கு அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் மெல்ல முளைத்துவிடும். ஆனால் உடல் வளர்ச்சிக்குரிய சத்து அதற்குச் செலவாகும் என்பதால், கொடுக்கிழந்தவற்றைச் சற்றுத் தாமதமாகவே அறுவடைக்கு எதிர்பாருங்கள்.