ரோமிலிருந்து அல்பேனியா: போகும்போது கப்பல், வரும்போது விமானம்

கேள்வி: ரோமில் வேலை பார்க்கும் மகனுடன் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். நடுவில் ஒரு வாரம் அல்பேனியா போய்வர ஆசை. எனக்கு வயது 61. கணவருக்கு 67, முழங்கால் வலி உண்டு. ரயில், பஸ், விமானம், கப்பல் இவற்றில் எது எங்களுக்குத் தோதுப்படும்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இருவருடைய பாஸ்போர்ட்டிலும் இத்தாலி விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை நுழையலாம் என்பதற்கு அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அங்கே '01' என்று இருந்தால் இந்தப் பயணம் வேண்டாம். அல்பேனியா, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் சேர்ந்தது அல்ல. இத்தாலியை விட்டுக் கிளம்பியதுமே உங்களுடைய ஒரே நுழைவும் தீர்ந்துவிடும், மகன் வீட்டுக்குத் திரும்ப வழி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இது துறைமுகக் கவுன்டரில் பெட்டியோடு நிற்கும்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், பலமுறை நுழைவு கேட்டு, அல்பேனியா போகும் திட்டத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். பலமுறை நுழைவு விசா கையில் இருந்து, அதைக் கொண்டு ஒரு முறை ஷெங்கனுக்குள் போயும் இருந்தால் அல்பேனியா தனி விசா கேட்பதில்லை. நீங்கள் ரோமில் இறங்கிய பிறகுதானே போகிறீர்கள், அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். இருந்தாலும் கிளம்பும் வாரத்தில் அல்பேனிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தை ஒரு முறை மகனைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை.

ரயிலைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அல்பேனியாவுக்குள் போகும் பயணி ரயில் எதுவும் இல்லை. தலைநகர் திரானாவின் பழைய ரயில் நிலையத்தையே 2013-இல் இடித்துவிட்டார்கள். பஸ்ஸும் வேண்டாம். அட்ரியாட்டிக் கடலைச் சுற்றிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தே போவதை அந்த முழங்கால் தாங்காது.

விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம். மலிவு விமானங்களில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுங்கள். திரானா விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர். நம் கொல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த அவர் பிறப்பால் அல்பேனியர். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது நமக்கு மனம் இளகாமல் இருக்காது.

ஆனாலும் போகும்போது கப்பலில் போங்கள் என்றே சொல்வேன். ரோமிலிருந்து இத்தாலியின் துறைமுக நகரான பாரிக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு டாக்ஸி எடுங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். டிக்கெட் கையில் இருந்தாலும் கவுன்டரில் போர்டிங் அட்டை வாங்கியாக வேண்டும், பிறகு பாஸ்போர்ட் சோதனை இருக்கும். ஆகவே மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கப்பல் இரவு பத்து, பதினொரு மணிவாக்கில் கிளம்பி மறுநாள் காலை துர்ரஸ் துறைமுகத்தை அடையும். வெறும் இருக்கை டிக்கெட் மலிவுதான். ஆனால் நள்ளிரவில் தாழ்வாரம் முழுக்கப் போர்வை விரித்து ஆட்கள் படுத்திருப்பார்கள், கால் வைக்க இடம் இருக்காது. உங்களுக்குக் கேபின்தான் சரி. குளியலறை உள்ளே இருக்க வேண்டும், கணவருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும், லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டும். மூன்றையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். முதலில் மலைகளின் நிழல் மட்டும் தெரியும், பிறகு துறைமுகத்தின் கிரேன்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். 1991 ஆகஸ்டில் இதே துர்ரஸிலிருந்து விலோரா என்ற சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 20,000 அல்பேனியர்கள், நிற்கவும் இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு பாரிக்குப் போனார்கள். பெரும்பாலோரை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது. இன்று அதே கடல்வழியில், இத்தாலியில் வேலை பார்க்கும் அல்பேனியக் குடும்பங்கள் கார் நிறையச் சாமான்களோடு விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றன. அவர்களோடு ஓர் இரவு பயணம் செய்துவிட்டு அந்த மண்ணில் இறங்குவதை நான் பெரிதாக நினைக்கிறேன். விமானத்தில் அது கிடைக்காது. ஆகஸ்டில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும். மே அல்லது செப்டம்பர் நல்லது.

துர்ரஸிலிருந்து திரானா நாற்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ் அடிக்கடி உண்டு. 'ஃபுர்கோன்' என்னும் வேன்களும் ஓடுகின்றன. ஆள் நிறைந்த பிறகே கிளம்பும், முன்னிருக்கையைக் கேட்டு வாங்கினால் கால் நீட்டலாம். கையில் லெக் நாணயத்தில் சில்லறை இருக்கட்டும். ஜிரோகாஸ்தர் அழகான ஊர்தான், ஆனால் முழுக்கக் கல் பாவிய ஏற்றம். கோட்டை வரை டாக்ஸியிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது திரானாவிலிருந்து விமானம் ஏறுங்கள், ஒரு வாரம் அலைந்த காலுக்கு அதுதான் இதம். தெற்கே சரண்டா வரை போனால் அங்கிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு விரைவுப் படகில் அரை மணி நேரம்தான், அங்கிருந்தும் விமானம் உண்டு. அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கிரேக்கக் கடிகாரம் அல்பேனியாவைவிட ஒரு மணி நேரம் முந்தியது. காலை ஒன்பதுக்குச் சரண்டாவில் படகு ஏறினால், இறங்கும்போது கோர்ஃபுவில் பத்தரை ஆகியிருக்கும். விமான நேரத்தை அதற்கேற்பக் கணக்கிட்டு டிக்கெட் எடுங்கள்.