முதல் பிரசவம் நெருங்குகிறது. கணவனான எனக்குத்தான் பயமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

மனைவிக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அவர் தாய்வீட்டில் இருக்கிறார், இரவில் கைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் சொன்னால் "வலி தாங்கப்போவது அவள், உனக்கென்ன" என்கிறார்கள் என்று கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில் இருந்தேன்.

எனக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவியைப் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். என் அத்தை ஒருவர் தலைப்பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், மருத்துவமனைக்குப் போகும் வழியில் மாட்டு வண்டியிலேயே இறந்தவர். பாட்டி சொல்லிச் சொல்லி மனதில் பதிந்துபோன கதை. இரவு ஷிப்டில் நிற்கும்போது அந்த வண்டிதான் கண்முன் வரும்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளுடன் போனேன். கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். வந்திருந்த ஆண்கள் என்னோடு சேர்த்து மூன்றே பேர். செவிலியர் அட்டையைப் பிரித்துக் காட்டினார். ஐந்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகு 11.2. ரத்தம் குறைந்த உடம்பால் பிரசவத்தின்போது ஏற்படும் இழப்பைத் தாங்க முடியாது, அதனால்தான் மாத்திரையை விடக் கூடாது என்று விளக்கினார். அத்தையின் கதைக்கு அன்றுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அதற்கு எதிராகச் செய்யக்கூடியதும் இருக்கிறது என்று தெரிந்தது.

திரும்பும் வழியில் அவளிடம் என் பயத்தைச் சொன்னேன். "எனக்கும் அதே பயம்தான். நீங்கள் எதுவும் கேட்காததால் உங்களுக்குக் கவலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். மூன்று மாதம் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பொய் வலி ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். உண்மையான வலி சீரான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். 108 எண்ணை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இரவில் வீட்டுக்கு வழி சொல்லப்போவது யார் என்பதை முடிவு செய்து வையுங்கள். நான் மச்சானிடம் மனம்விட்டுப் பேசினேன். "மாமா, அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். வயது இருபத்திரண்டுதான். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவனுக்குத் தெரியாது.

வலி கண்ட இரவு, தக்காளி லாரிகளுக்கு நடுவே ராயக்கோட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தேன். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஒரு பெண் துணையைத்தான் பிரசவ அறைக்குள் விடுவார்கள். எங்களுக்கு மாமியார். நான் வெளியே இருந்தேன். முதல் நான்கு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் எரிந்து விழுந்தார்கள். முன்பே பேசி வைக்காதது என் தவறு. பிறகு மாமியாரிடம், மணிக்கு ஒரு முறை கதவருகே வந்து ஒரு சொல் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். "இன்னும் நேரமாகும் மாப்பிள்ளை, நன்றாக இருக்கிறாள்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற நேரத்தைக் கடந்தேன். முதல் பிரசவம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம் என்று செவிலியர் சொல்லியிருந்ததால், நேரமானதே ஆபத்து என்று எண்ணவில்லை. பதினான்கு மணி நேரம் ஆனது. பெண் குழந்தை.

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை என்றால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கு இன்னும் சில செவ்வாய்க்கிழமைகள் மிச்சமிருக்கின்றன. ஒன்றுக்காவது விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியுடன் போய் வாருங்கள். அட்டையை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.