அந்தி ஒளியில் கொக்கும் உள்ளானும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் மாலை நேரங்களில் வெண்கொக்குகளைப் படமெடுத்து வருகிறேன். ஒரு படத்தில் கொக்கு இறகே தெரியாத வெள்ளைத் திட்டாக விழுகிறது. சில நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அதே கொக்கு கரிய நிழலாக நிற்கிறது. 150-600 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன். கேமராவை மாற்ற வேண்டுமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் கேமராவும் லென்ஸும் இந்த வேலைக்குப் போதுமானவை. கேமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்தின் அளவுக்குக் கொண்டுவரவே முயல்கிறது. கண்டல் மரங்களின் இருண்ட பின்னணியில் கொக்கு நிற்கும்போது, சட்டகத்தின் பெரும்பகுதி கருமையாக இருப்பதால் அது ஒளியைக் கூட்டிவிடுகிறது. கொக்கின் வெண்மை வெளுத்துப் போகிறது. அதே கொக்கு நாலடி நடந்து, வானத்தைப் பிரதிபலிக்கும் தண்ணீருக்கு முன்னால் வந்ததும், கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்கிறது, கொக்கு கறுத்துவிடுகிறது. இத்தனைக்கும் கொக்கின் மேல் விழுந்த ஒளி மாறவே இல்லை. மாறியது அதன் பின்னணி மட்டும்தான்.

ஆகவே ஒளியை நாமே அமைக்கும் மேனுவல் முறைக்கு வந்துவிடுங்கள். ஒளி படும் பக்கத்து இறகுகளை வைத்து ஒருமுறை அளந்து, பெரும்பாலான கேமராக்களில் உள்ள, அளவு மீறி வெளுத்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதியைப் பார்த்து, அந்த மினுக்கல் மறையும் வரை ஒளியைக் குறையுங்கள். பிறகு கொக்கு எந்தப் பின்னணிக்குப் போனாலும் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. தானியங்கி முறையை விட மனமில்லை என்றால், இருண்ட பின்னணியில் ஒளியை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) அல்லது அதற்குச் சற்று மேல் குறைத்துவையுங்கள். கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாகவே எடுங்கள். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கான அமைப்பில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால், நாம் காத்திருந்து பெற்ற அந்திப் பொன்னிறத்தைக் கேமரா குறையென்று எண்ணித் திருத்திவிடக்கூடும்.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, அசையாமல் நிற்கும் நாரைக்கு முக்காலியின் துணையோடு 1/250 வினாடி போதும். இரை தேடும் சின்ன வெண்கொக்குக்கு 1/1000 வேண்டும். அதைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள்: கரிய கால் ஒன்றை முன்னே நீட்டி, சேற்றைக் கிளறுவதுபோல் பாதத்தை நடுக்கும், ஒளிந்திருந்த சிறு மீன் வெளிப்பட்டதும் கழுத்து பாய்ந்துவிடும். கழுத்தைப் பார்த்து அழுத்துபவர் எப்போதும் தாமதமாகவே அழுத்துவார். காலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே படம் கிடைக்கும். கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 வரை உயர்ந்தாலும் கவலை வேண்டாம். படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளைப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம், அசைவினால் கலங்கிய கண்ணைத் தெளிவாக்க முடியாது.

மரப்பாலத்தின் மேலிருந்து எடுக்கும்போது பறவை சேற்றோடு ஒட்டியதுபோல் தெரிவது பலருக்கும் உள்ள குறை. காலடியில் நிற்கும் பறவையை விட்டு, சற்றுத் தொலைவில் நிற்பதைத் தேர்ந்தெடுத்தால் பார்வையின் சாய்வு குறைந்து, பறவை நிமிர்ந்து நிற்கும், பின்னணியும் மென்மையாகும்.

கேள்வி: உள்ளான்களைப் படமெடுக்க எந்த மாதம், எந்த நேரம் ஏற்றது?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: உள்ளான்கள் போன்ற, சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே தங்குகின்றன. ஆனால் நாட்காட்டியைவிடக் கடல்மட்ட அட்டவணையே உங்களுக்கு முதலில் தேவை. நீர் வற்றும்போது பவளக்காலி, சின்னக் கோட்டான், உப்புக்கொத்தி ஆகியவை திறந்த சேற்றுவெளியில் பரவி இரை தேடுகின்றன. கண்ணுக்குத் தெரியும், லென்ஸுக்கு எட்டாது. நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் அவை சுங்கை பூலோவின் உட்குளங்களுக்கு வந்து, பார்வையாளர் மறைவிடங்களிலிருந்து பார்க்கக்கூடிய தொலைவில் கூட்டமாக ஓய்வெடுக்கின்றன. எனவே பிற்பகல் நான்கு, ஐந்து மணிவாக்கில் நீர் உயரும் நாள்தான் உங்களுக்கு உரிய நாள். நீரேற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு நல்ல மாலை வாய்த்தால் அடுத்த ஓரிரு மாலைகளையும் கையோடு ஒதுக்கிவிடுங்கள்.

நவம்பர் தொடக்கத்தில் இங்கே சூரியன் 6.46 மணியளவில் மறைகிறது, பிப்ரவரியிலோ 7.20 வரை நீள்கிறது. காப்பகம் 7 மணிக்கு மூடப்படுவதால், பிப்ரவரியில் கடைசி ஒளியை உள்ளிருந்து காண முடியாது. என் விருப்பம் நவம்பர்தான், மழை குறுக்கிடும் மாதம் என்றாலும். மழை ஓய்ந்த மாலையில் மெல்லிய மேகத்தின் வழியே வடியும் ஒளியில் நிழல்கள் கரைந்து, பவளக்காலியின் செம்மஞ்சள் கால்கள் ஈரச் சேற்றில் தாமே ஒளிர்வதுபோல் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது. அந்தி மிகக் குறுகியது. ஆறரை மணிக்குப் பிறகு ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒளியைத் திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிந்துவிடுகிறதே?
– ஈசூன் வாசகர்

பதில்: குளிரூட்டிய காரிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் மீண்டும் படியும்.

கேள்வி: பறக்கும் படம் கிடைப்பதற்காக, உடன் வரும் நண்பர் ஒருவர் கைதட்டிப் பறவைகளை எழுப்புகிறார். இது தவறா?
– பாசிர் ரிஸ் வாசகி

பதில்: தவறு. தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரில் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட பவளக்காலிகளிலும் சின்னக் கோட்டான்களிலும் சில இமயமலையைக் கடந்து வடக்கே பறப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் சிறிய உடல் இவ்வளவு தொலைவு பறப்பது இங்கே உண்டு சேர்த்த கொழுப்பை எரித்துத்தான். நீரேற்ற நேரத்து ஓய்வில் ஒருமுறை எழுப்பினால், அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கை நம் படத்துக்காகப் பிடுங்கிக்கொள்கிறோம். தலைகளை ஒன்றாக உயர்த்திப் பார்ப்பதும், ஒற்றைக் காலில் நின்றவை இரு கால்களையும் ஊன்றுவதும் நாம் அளவு மீறிவிட்டதன் அறிகுறிகள். அப்போதே நின்றுவிடுங்கள், அல்லது மெதுவாகப் பின்வாங்குங்கள். இரை போட்டு வரவழைக்க நினைத்தால், அது சட்டப்படியும் குற்றம்.

பறக்கும் படத்திற்குக் கைதட்டல் தேவையே இல்லை. நீர் இறங்கத் தொடங்கி முதல் சேற்றுத்திட்டு வெளியே தெரிந்ததும் பறவைகள் தாமாகவே எழுகின்றன. உங்கள் நண்பரையும் அழைத்துக்கொண்டு அந்த நேரத்திற்கு முன்பே மறைவிடத்தில் அமர்ந்து, ஷட்டரை 1/2000இல் வைத்து, குளத்தின் கடல் பக்கத்து ஓரத்தைக் குறிவைத்துக் காத்திருங்கள். முதலில் ஓரிரு பறவைகள் இறகைக் கோதி, உடலை உதறும். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டிய நேரம் அதுதான்.