கேமரா உங்கள் வீட்டில், பாஸ்வேர்டு யார் கையில்?

கேள்வி: கானாடுகாத்தானில் ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குத்தான் எல்லோரும் கூடுகிறோம். மற்ற நாளில் காவல்காரர் மட்டும் இருப்பார். நான்கு கேமரா போட முடிவு செய்திருக்கிறோம். கிளவுடில் பதிவாகும் வைஃபை கேமராதான் மலிவு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் காரணம் சுவர். உங்கள் வீட்டுச் சுவரின் கனத்துக்கு, முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேராது. இரண்டாவது காரணம்தான் பெரியது. பதிவு கம்பெனியின் சர்வரில் இருக்கும். சந்தா கட்டத் தவறினால் பழைய பதிவு கைக்கு வராது. யாராவது அதைக் கேட்டாலும் கம்பெனியைத்தான் கேட்பார்கள். உங்களுக்குத் தகவல்கூட வராமல் போகலாம்.

பி.ஓ.இ (கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் போகும்) வசதியுள்ள நான்கு சேனல் என்.வி.ஆர் (பதிவுப் பெட்டி), 2 மெகாபிக்சல் ஐ.பி கேமரா நான்கு, கேட்-6 கேபிள் என்று கேளுங்கள். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் பாதி விலைக்குத் தருவார்கள். பகலில் ஒழுங்காக ஓடும். ராத்திரி கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மின்சாரம் பற்றாமல் கேமரா அணைந்து அணைந்து எரியும். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்தத் தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக இருக்கிற வீட்டில் வளைத்து நெளித்து இழுத்தால் அந்தக் கணக்கு சீக்கிரம் தாண்டிவிடும். முதலிலேயே கயிறு பிடித்து அளந்து, தேவையானால் நடுவில் ஒரு பி.ஓ.இ ஸ்விட்ச் வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு இது. வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. நான்குக்கும் 86 ஜிபி. ஆக 1 டிபி டிஸ்கில் பத்துப் பதினோரு நாள்தான் தங்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். பூட்டிக்கிடக்கிற வீட்டில் திருட்டு போனதே பல நாள் கழித்துத்தான் தெரியவரும் என்பதால் 2 டிபி போடுங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம். கண்காணிப்புக்கென்றே வருவதை வாங்குங்கள்.

2025 ஏப்ரல் முதல் இங்கே தயாரிக்கும், இறக்குமதி செய்யும் சி.சி.டி.வி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பெட்டியில் "R-" என்று தொடங்கும் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் இழைத்த பூச்சில் டிரில் வைத்தால் பலகை பலகையாகப் பெயரும். அதைத் திரும்பப் பூச ஆள் பிடிப்பது கேமரா வாங்குவதைவிடச் செலவு. தூணிலும் திருகாணி ஏற்ற விடாதீர்கள், பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது மாட்டுகிற அன்றைக்குத்தான். மாட்ட வருகிற தம்பி தன் போனில், தன் கணக்கில் என்.வி.ஆரைச் சேர்த்துக்கொள்வார், உங்களுக்குப் "பகிர்ந்து" கொடுப்பார். அப்படியானால் வீட்டுச் சாவி அவரிடம், நகல்தான் உங்களிடம். அவர் இருக்கும்போதே அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் எண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். வெளியாள் இணையம் வழியே நுழைய வழி திறந்துவிடும் யு.பி.என்.பி, போர்ட் ஃபார்வர்டிங் இரண்டையும் ரூட்டரிலும் என்.வி.ஆரிலும் அணையுங்கள். மைக்கை அணையுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது, யாரும் மாற்றாமல் விட்ட கம்பெனி பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

அட்மின் ஒருவர் போதும். மற்ற நான்கு புள்ளிக்கும் பார்வை மட்டும். கேமரா முகப்பிலும் பின்வாசலிலும் இருக்கட்டும், வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) வேண்டாம். படைப்பன்று பெண்கள் படுத்துறங்கும் இடத்தைச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பங்காளி பார்க்கிற நிலை எதற்கு?

கேள்வி: தெருவில் திருட்டு நடந்தால் போலீஸ் எங்கள் பெட்டியையே எடுத்துப் போகுமா?

பதில்: 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் எழுத்துமூலம் கேட்க அதிகாரம் உண்டு. ஒத்துழையுங்கள், ஆனால் கடிதம் கேளுங்கள், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை வரை என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அந்த நேரத்துப் பதிவை மட்டும் பென்டிரைவில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கத் தேவையான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழில் உங்கள் கையெழுத்தும் கேட்கலாம். பெட்டியையே எடுத்தால் சீரியல் எண்ணோடு மகஜர் (கைப்பற்றிய பொருளின் பட்டியல்) நகல் வாங்காமல் விடாதீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வாங்கினேன். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்றார்கள். கொடுத்த நாள் முதல் நகைச்சீட்டு, மனை விற்பனை என்று ஓயாமல் மெசேஜ்.

பதில்: பில்லுக்கு நம்பர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி விதி 46, பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய் முதல் பெயர், முகவரியைத்தான் கேட்கிறது. நம்பர் தராதவருக்கு விற்க மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதமே நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. பில் தர மறுப்பதும், நம்பி கொடுத்த தகவலை அடுத்தவருக்குக் கொடுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)இல் முறையற்ற வணிகம்.

"சிஸ்டம் ஏத்துக்காதுங்க" என்பார்கள். நம்பர் கேட்கும் இடத்தில் ஒரே இலக்கத்தைப் பத்துத் தடவை அழுத்தினால் பல பில்லிங் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். கல்லாவில் இருப்பவருக்கும் அது தெரியும். கடை தரும் பரிசுப் புள்ளிகளுக்கு ஆசைப்பட்டால் மட்டும் நம்பரைச் சொல்லுங்கள்.

வந்துகொண்டிருக்கும் மெசேஜுக்கு, விளம்பரத் தொல்லைக்கான 1909 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அங்கேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்ய வேண்டியதுதான். கடை மீது புகார், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு. அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடைக்காரர்தான் கொடுத்தார் என்று காட்டுவது கஷ்டம். அதனால் இனி நம்பர் கொடுக்கும் ஒவ்வொரு கடையிலும் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் மெசேஜ் வருகிறதோ அந்தக் கடையைப் பிடிக்கலாம்.

கேள்வி: ஒளிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? அரசு பார்த்துவிட்டுப் போகட்டுமே.

பதில்: நம் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் கணக்குப் பேரேட்டை அடுத்த பெட்டியடிக்கு (பக்கத்துக் கடைக்கு) காட்டியதுண்டா? குற்றம் இருந்தா மூடி வைத்தார்கள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. கம்பெனிக்குப் பூட்டுப் போட்டவர்கள் தங்களுக்கு மட்டும் திட்டிவாசல் வைத்துக்கொண்டது சரியில்லை என்பதுதான் எங்கள் கருத்து.

2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் ஏற்றித் தர உத்தரவு போட்டார்கள்; எதிர்ப்பு கிளம்பவும் டிசம்பர் 3இல் திரும்பப் பெற்றார்கள். ஆப் உபயோகமானதுதான். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி இணையதளத்திலேயே பார்க்கலாம், போனில் ஏற்ற வேண்டியதில்லை.

கேள்வி: கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகளிடம் லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

பதில்: ஓட்டர் ஐ.டி, லைசென்ஸ் நீட்டிப் பாருங்கள். ஆதார்தான் என்றால், ஆதார் தளத்தில் இறக்கும்போது "மாஸ்க்டு" என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும். பி.டி.எஃப் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. 2022 மே 27இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஜெராக்ஸ் தராதீர்கள் என்று சொல்லி, 29இல் அந்த அறிக்கையே திரும்பப் பெறப்பட்டது. அதனால் லாட்ஜ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெராக்ஸின் குறுக்கே லாட்ஜ் பெயர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.