கோல்ட் ஏர் இன்டேக் மாட்டினால் ஈசியூவை ரீடியூன் செய்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. (இன்டேக் என்பது இன்ஜினுக்குக் காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டரும். ஈசியூ என்பது பெட்ரோலை அளந்து விடும் கணினி. ரீடியூன் என்றால் அதன் கணக்கைத் திருத்தி எழுதுவது.) நானே ரீடியூன் செய்யாமல் ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

கேட்டவர் இளவட்டம், பழைய ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார், கிட்டை ஏற்கனவே வாங்கி வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார், டியூனிங்குக்குத் தனியாக இவ்வளவு காசா என்று யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அப்படித்தான் இருந்தேன், இளவட்டம் என்பது மட்டும் கிடையாது.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்காரன். என் கார் ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ. இங்கே அதற்கு அறிமுகம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின், 141 கிலோவாட், 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டி, வால்வுகளை இன்னும் அதிகம் திறக்கும் கேமுக்கு மாறும்போது வேறு காராகிக் கத்தும். அது இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்றுதான் செகண்ட்ஹேண்டில் ஒரு இன்டேக் வாங்கினேன். மனைவியிடம் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொன்னேன்.

சனிக்கிழமை மாட்டினேன். சத்தம் பிரமாதம். வண்டி பறக்கிறது என்று ஆறு பேரிடம் சொல்லியிருப்பேன்.

டிசம்பரில் பிரிட்டோரியாவில் ஒரு கல்யாணம். என்3 சாலையில் கிளம்பினோம். பின்சீட்டில் மாமியார், டிக்கி நிறையச் சாமான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம் வரும். லாரிகள் ஊர்ந்து போகிற இடம். ஒரு கன்டெய்னர் லாரியை ஓவர்டேக் செய்ய முழுசாக மிதித்தேன். "மாப்பிள்ளை, கொலுசுச் சத்தம் மாதிரி ஏதோ கேக்குதே" என்றார் மாமியார். எனக்கும் கேட்டது. ரேடியோ என்று சமாளித்தேன். அடுத்த வளைவில் மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. இன்ஜின் இழுக்கவில்லை, ஓவர்டேக் செய்த அதே லாரி எங்களைத் தாண்டிப் போனது.

ஹாவிக் பக்கம் ஓரங்கட்டி, காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி டாங்கிளைச் சொருகிப் பார்த்தேன். பி0171. அதாவது காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. அந்தக் கொலுசுச் சத்தம்தான் நாக்கிங், சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது.

ஏன் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. ஈசியூவுக்குக் கண் கிடையாது. குழாய்க்குள் நீட்டிக்கொண்டு, வரும் காற்றை அளக்கும் மேஃப் சென்சார் சொல்வதைத்தான் நம்பும். அதிலே ஒரு சூடான கம்பி, காற்று எவ்வளவு வேகமாக அதைக் குளிர்விக்கிறது என்பதுதான் கணக்கு. அகலமான வாய்க்காலில் அதே தண்ணீர் மெதுவாகப் போகும் இல்லையா, அதே கதை. குழாயின் விட்டம் 10 விழுக்காடு கூடினால் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. காற்று மெதுவாகப் போக, சென்சார் குறைத்துச் சொல்ல, ஈசியூவும் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. நிதானமாக ஓட்டினால், புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்திவிடும், அதனால்தான் ஊருக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முழுசாக மிதித்தால் ஈசியூ ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. முன்பு கற்ற திருத்தத்தைச் சில கார்கள் அங்கேயும் போட்டுக்கொள்ளும், சில போடாது. அதை நம்பி 11.5:1 கம்ப்ரெஷன் இன்ஜினை, அதாவது கலவையை இவ்வளவு இறுக்கி எளிதில் நாக்கிங் வரக்கூடிய இன்ஜினை, மலையேற்றக் கூடாது.

உடனே ஒருவர் வந்து "உங்கள் குழாய்க் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அளக்காத காற்று உள்ளே போயிருக்கும்" என்பார். ஆமாம், தளர்ந்துதான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். முறுக்கிய பிறகும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்ற எண், +19-க்குக் கீழே இறங்கவில்லை. போதுமா?

மேஃப் இல்லாமல் மேப் சென்சார் வைத்த கார்கள் வேறு ஜாதி. அவை சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடுகின்றன, குழாயின் அகலம் அவற்றைப் பெரிதாக ஏமாற்றாது. மேஃப் காரிலும், சென்சார் உட்காரும் இடத்தில் அசல் விட்டத்தை அப்படியே வைத்துச் செய்த கிட் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. என்னுடையது அப்படிப்பட்டது இல்லை; யாரோ பட்டறையில் வளைத்த அலுமினியக் குழாய்.

இன்னொன்று, "கோல்ட்" என்று பெயர் வைத்தால் குளிர்ந்துவிடாது. என் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்து கிடந்தது. வெளியே 29 டிகிரி, டிராஃபிக்கில் இன்டேக் காற்று 58. சுமார் 10 டிகிரிக்கு 3 விழுக்காடு காற்றடர்த்தி போகும், கணக்கை நீங்களே போடுங்கள். கீழே பம்பருக்குள் இறக்கலாம் என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த டர்பன்காரனிடம் அதைச் சொல்லாதீர்கள். ஃபில்டர் தண்ணீரைக் குடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் என்றால் அளவாகத் தடவுங்கள். கரும்புக்காடு எரிக்கும் மாதங்களில் வெருலம் பக்கம் கொடியில் காயும் துணியெல்லாம் கரிப்பொட்டாகிவிடும். அந்தச் சாம்பலுக்குப் பயந்து நான் தாராளமாகத் தடவினேன். எண்ணெய் போய் மேஃப் கம்பியில் ஒட்டியது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே வாங்கித்தான் சுத்தம் செய்தேன்.

சம்பந்தமில்லாத ஒன்று. போன தடவை கிளட்ச் பற்றி எழுதியபோது ஒருவர் "டர்பன்காரருக்கு ஏது இவ்வளவு தமிழ், யார் எழுதிக் கொடுத்தது" என்று கேட்டிருந்தார். எங்கள் ஆயா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அ, ஆ எழுத வைத்து, தப்பினால் விரல் முட்டியில் தட்டிச் சொல்லிக் கொடுத்தது. 1860-இல் இந்தியத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்த கப்பலோடு எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. கல்யாண வீட்டிலும் இதே பேச்சு. தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம், அதைப் பற்றிய பேச்சு தனி.

சரி, உங்கள் விஷயம். மேஃபா மேப்பா என்று முதலில் பாருங்கள். மாட்டுவதற்கு முன்பும், மாட்டி ஒரு வாரம் ஓட்டிய பிறகும் ட்ரிம் எண்களைக் குறித்து வையுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ரீடியூன் இல்லாமலே ஓட்டுங்கள், நான் தடுக்கவில்லை. பத்து, பதினைந்து தள்ளிப் போனால் டியூனருக்குக் காசு கொடுங்கள், இல்லை கழற்றுங்கள். நான் கழற்றினேன்.

எதைச் செய்தாலும் பழைய ஏர் பாக்ஸை, அதாவது காரோடு வந்த ஃபில்டர் டப்பாவை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். பிறகு ஸ்க்ராப்யார்டில் அதே டப்பாவை, மூடியின் ஒரு கிளிப் உடைந்த நிலையில், கிட் வாங்கியதைவிட 300 ரேண்ட் அதிகம் கொடுத்து வாங்கி வந்தேன்.